இழுக்காமல் பிடிக்கலாம்

கை நடுக்கம் வந்து மூன்று வருடம் ஆகிறது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துச் சமாளித்துவிடுகிறேன். மவுஸை அப்படிப் பிடிக்க முடியாதே! பட்டனை அழுத்தியபடியே பத்தியின் தலையிலிருந்து கால் வரை இழுத்துப் போகவேண்டும். பாதியில் விரல் தளர்ந்தால் நீலம் அங்கேயே நின்றுவிடும், மழைக்கு மறுநாள் எங்கள் கடம்பூர் கரிசலில் இறங்கிய மாட்டுவண்டி மாதிரி. கை கொஞ்சம் கீழே போனாலோ பக்கம் கடகடவென்று ஓடி, வேண்டாததெல்லாம் நீலமாகிவிடும்.

"எதுக்குப்பா கஷ்டப்படுறீங்க, போன்ல பேசுங்க, அதுவே எழுதிக்கும்" என்கிறான் மகன். எனக்கு வாக்கியம் வாயில் வராது, விரலில்தான் வரும். ஆயுசு முழுக்க கிளார்க் வேலை பார்த்த பழக்கம்.

இழுக்காமலே பிடிக்க வழி இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு கிளிக். கையை எடுத்து மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். வீலை உருட்டி முடிவுக்குப் போய், இடது கையால் ஷிப்டை அழுத்திக்கொண்டு இன்னொரு கிளிக். நடுவில் பத்துப் பக்கம் இருந்தாலும் பிடிபட்டுவிடும். ஒரு வரி கூடிப்போனால் ஷிப்டோடு மறுபடி சரியான இடத்தில் கிளிக் செய்தால் போதும். கடம்பூர் ஸ்டேஷன் போளியைப் பற்றி எழுதியபோது கடைசியில் கிடந்த நாலு பத்திகளை இப்படித்தான் முன்னால் கொண்டுவந்தேன்.

இந்த வெட்டி ஒட்டும் கலை 1970களின் நடுவில் கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவானது. லாரி டெஸ்லர், டிம் மாட் என்ற இருவர், ஒரு பாடநூல் பதிப்பகத்துக்காக ஜிப்ஸி என்ற மென்பொருளை எழுதினார்கள். நாங்கள் ஆபீசில் பிளேடும் கோந்துமாக டிராப்டை நறுக்கி ஒட்டினோமே, அதே வேலைதான் திரைக்குள் போனது. எனக்கு ஒத்துவராத அந்த இழுவையும் அதிலேயே வந்ததுதான்! டெஸ்லர் 2020இல் காலமானார்.

வேர்டில் எப்8 என்றொரு கீ இருக்கிறது. இரண்டு முறை தட்டினால் சொல், மூன்றுக்கு வாக்கியம், நான்குக்குப் பத்தி. மவுஸே வேண்டாம். வேலை முடிந்ததும் எஸ்கேப்பைத் தட்டவேண்டும், இல்லாவிட்டால் கர்சர் போகிற இடமெல்லாம் நீலம் பின்னாலேயே வரும். இப்படி 'இப்போது எந்த நிலையில் இருக்கிறோம்' என்று நினைவில் வைக்கச் சொல்லும் ஏற்பாடுகள் டெஸ்லருக்கு ஆகவே ஆகாது. எனக்கு ஆகும்.

தமிழுக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இது கண்ணில் படுகிறது. பிரெஞ்சில் 'இலிருந்து', 'உக்கு' எல்லாம் பெரும்பாலும் தனிச்சொற்கள். டபுள் கிளிக் செய்தால் அது மட்டும் சிக்கும், மாற்றிவிடலாம். தமிழில் 'வீட்டிலிருந்து' முழுதாக வந்துவிடும். வாலை மட்டும் மாற்ற, சொல்லின் கடைசியில் கர்சரை வைத்து, ஷிப்டோடு இடது அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே வரவேண்டும். எழுத்து எழுத்தாக நகரும்; 'கொ' என்பதற்கும் ஒரே தட்டுத்தான். பேக்ஸ்பேஸோ 'கொ'வில் கொம்பையும் காலையும் மட்டும் தின்றுவிட்டு 'க'வை விட்டுவைக்கும். அதுவும் சில நேரம் உதவியே. கண்ட்ரோலையும் சேர்த்துக்கொண்டால் சொல் சொல்லாகத் தாவும்.

இன்னொன்று. நீலமாக இருக்கும்போது நடுங்கும் விரல் ஏதாவது எழுத்தில் பட்டால் அத்தனையும் மறைந்து அந்த ஒரு எழுத்து மட்டும் நிற்கும். பதறவேண்டாம், கண்ட்ரோல் இசட் போட்டால் திரும்பி வந்துவிடும். பாரிஸிலிருந்து படிக்கும் சொந்தக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: உங்கள் பிரெஞ்சு கீபோர்டில் இசட் மேல் வரிசையில் இருக்கிறது. நம்மூர்ப் பழக்கத்தில் கீழே தட்டினால் அங்கே இருப்பது டபிள்யூ. கண்ட்ரோலோடு அதைத் தட்டினால் பக்கத்தையே மூடப் பார்க்கும். சேமிக்கவா என்று கேட்கும்போது நிதானமாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.