கும்புக்கன் ஆற்றுத் தண்ணீர்

கிழக்கு வெளுக்கும் முன்பே ஆற்றங்கரையில் அடுப்புப் புகை எழுந்துவிட்டது. கதிர்காமப் பாதயாத்திரையில் உகந்தை முருகன் கோயிலில் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்கி இது மூன்றாம் நாள். கரை நெடுக மருத மரங்கள். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத அடிமரம். மருதைச் சிங்களத்தில் கும்புக் என்பார்கள். ஆற்றின் பெயரிலும் அந்த மரமே நிற்கிறது.

வெறுந்தேத்தண்ணி குடித்து, வேலுக்குக் கற்பூரம் காட்டி, "அரோகரா" என்று ஆற்றில் இறங்கினோம். முழங்காலளவுத் தண்ணீர். உரப்பைகளைத் தலையில் சுமந்தபடி பெண்களும் பிள்ளைகளும் கைபிடித்துக் கடந்தார்கள். அக்கரை ஏறினால் குமணக் காடு முடிந்து யாலக் காடு. இனி வரும் ஆறு மாணிக்க கங்கைதான். அதுவரை இந்தக் கோடையில் ஓடும் தண்ணீரைப் பார்க்க முடியாது. எல்லோரும் போத்தல்களை நிரப்பினார்கள். நான் மூன்று லீற்றர் எடுத்தேன்.

எனக்கு முன்னால் போன ஆச்சி மண்டூர்ப் பக்கத்தவர். ஒன்பதாவது தரமாக நடக்கிறார். ஒரு பெரிய போத்தலோடு சின்னப் போத்தல் ஒன்றையும் ஆற்றில் அமிழ்த்தி நிரப்பி, வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டார். உச்சி வெயிலுக்கென்று ஒதுக்குகிறார் என நினைத்தேன்.

காலையில் நடை சுகமாகத்தான் இருந்தது. வேல் பிடித்தவர் முன்னே போக, அவரைத் தாண்டாமல் நாங்கள் வரிசையாகப் பின்னே. இங்கே யாருக்கும் பெயர் இல்லை. சின்னப் பிள்ளையும் சாமி, கிழவரும் சாமி. பாலைமரங்களின் கீழே மஞ்சள் பழங்கள் சிதறிக் கிடந்தன. கரடிக்கு இந்தப் பழமென்றால் உயிர். அதனால் அந்த இடங்களில் அரோகராச் சத்தம் தானாகவே உயர்ந்தது.

பத்து மணிக்கு மேல் மணல் சுட ஆரம்பித்தது. இருபுறமும் முட்பற்றை, நிழல் என்று ஒதுங்க ஒன்றுமில்லை. வெறுங்காலோடு வந்தவர்கள் புல் முளைத்த ஓரம் தேடித் தேடி மிதித்தார்கள். என் குதிகாலில் கொப்புளம் உடைந்து மணல் ஏறியது. எரிச்சல் தாங்காமல் ஓரிடத்தில் உட்கார்ந்து, போத்தலைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன்.

"கைய எடுங்க சாமி. அது குடிக்கிற தண்ணி" என்றார் ஆச்சி. குரலில் கோபம் இல்லை. "முகத்தை நாளைக்குக் கழுவலாம்."

வெட்கமாக இருந்தது. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு ஒன்றரை மாதத்துக்கு மேலாக நடந்து வருகிறவர்களும் எங்களோடு இருந்தார்கள். ஒரு மூடி தண்ணீரில் வாயை நனைத்துவிட்டு அவர்கள் பேசாமல் நடந்தார்கள்.

போர்க்காலத்தில் இந்த வழி அடைபட்டுக் கிடந்தது. அப்போது பஸ்ஸில் போய்க் கும்பிட்டு வந்ததை ஆச்சி தன் ஒன்பதில் சேர்ப்பதில்லை. இப்போது கதிர்காமக் கொடியேற்றத்தையொட்டிச் சில நாட்கள் காட்டுவழியைத் திறந்துவிடுகிறார்கள். தொண்டர்கள் சில இடங்களில் தாங்கி வைத்துத் தண்ணீர் கொடுக்கிறார்கள். அது பெரிய புண்ணியம். ஆனால் வழி நெடுகக் கிடந்த வெற்றுப் போத்தல்களைப் பார்க்க மனம் கொதித்தது. யானையும் மானும் மேயும் இடம் இது. நாம் சில நாள் விருந்தாளிகள். மட்டக்களப்புப் பொடியன்கள் சிலர் சாக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவற்றைப் பொறுக்கியபடியே வந்தார்கள். நானும் குனிந்தேன், கொப்புளம் மறந்துபோயிற்று.

வெயில் சாய்ந்தபோது நாவலடி வந்தது. நாவல் மரத்தடிதான் தங்குமிடம், பெயரும் அதுவே. தண்ணீர்த் தாங்கியைக் கண்டதும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. என் போத்தல் எப்போதோ வற்றியிருந்தது. ஆச்சியின் பெரிய போத்தலிலும் துளி இல்லை.

வேலை மரத்தடியில் நட்டார்கள். ஆச்சி மடியை அவிழ்த்து அந்தச் சின்னப் போத்தலை எடுத்தார். அதிலிருந்த கும்புக்கன் ஆற்றுத் தண்ணீரை ஒரு சொட்டும் மிச்சமில்லாமல் வேலின் மேல் வார்த்தார். வழிந்ததை மணல் உறிஞ்சிக்கொண்டது. கைகூப்பி நின்றார். பிறகு வெறும் போத்தல்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.