உடைந்த திருகாணி

கைத்துப்பாக்கியின் உறுப்புகளுள் மிக எளியது அதன் கைப்பிடித் திருகாணி. குண்டைச் செலுத்துவதில் அதற்குப் பங்கில்லை; கைப்பிடிப் பலகையை உடற்சட்டத்தோடு இறுக்கி நிற்பதொன்றே அதன் தொழில். ஆயினும் தலை முறிந்து அதன் தண்டு உள்ளே தங்கிவிடின், தொழிலாளியின் பொறுமை முழுவதையும் அது சோதித்துவிடும்.

பிடோக்கில் அடுக்குமாடி வீடொன்றில் வாழும் முதியவர் ஒருவர் இதனை இருபதாம் வயதில் அறிந்தார். பிரித்தானியப் படைத்தலைமை 1971இல் சிங்கப்பூரை விட்டு நீங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, படைக்கலப் பட்டறை ஒன்றில் அவர் தொழில் பயின்றார். ஒருநாள் பழுதுபார்க்க வந்தது ஒரு பிரௌனிங் கைத்துப்பாக்கி. அமெரிக்கரின் 1911ஆம் ஆண்டுக் கோல்ட் துப்பாக்கியில் திருகாணிக்கும் சட்டத்துக்கும் இடையே மரையிட்ட சிறு குழல் ஒன்று உண்டு. கெட்டால் குழலை மட்டும் மாற்றிவிடலாம். பிரௌனிங்கில் அந்தச் சலுகை இல்லை. திருகாணி நேரே சட்டத்தில் பூட்டப்படுவதால், மரை சிதைந்தால் சட்டமே சிதைந்ததாகும்.

இளைஞர் அவசரத்தில் துளைக்கருவியை ஓட்டினார். முறிந்த முகம் மேடுபள்ளமானது. கருவி வழுக்கி மரையைத் தின்றுவிட்டது. மேற்பார்வையாளர் கடியவில்லை. “தலை போன பின் அதை இழுத்துப் பிடிக்க யார் இருக்கிறார்கள், தம்பி?” என்று மட்டும் கேட்டார். உண்மைதான். தலை முறிந்ததும் இறுக்கம் அகன்றுவிடுகிறது. துருவும் அழுக்குமே எஞ்சிய தண்டைப் பற்றி நிற்கின்றன. எண்ணெயிட்டு ஓரிரவு காத்திருந்து, கூர்முனையை விளிம்பில் ஊன்றி இடப்புறமாக மெல்லத் தட்டினால் பெரும்பாலும் கழன்று வரும். வாராவிடின் நடுவில் புள்ளியிட்டு, இடஞ்சுழியாகச் சுழலும் அலகால் துளைக்கலாம். துளைக்கும் திசையே கழற்றும் திசையுமாகும்.

இன்று அவர் வீட்டில் துப்பாக்கிப் பேச்சுக்கு இடமில்லை. துப்பாக்கிக் குற்றங்களுக்குச் சிங்கப்பூர் 1973இல் இயற்றிய சட்டம் கடுமையானது. தேசிய சேவையிலுள்ள பேரன்தான் முகாமில் துப்பாக்கி ஏந்துபவன். சென்ற ஞாயிறன்று விடுப்பில் வந்தவன், மறைந்த பாட்டியின் தையற்பொறியைச் சீர்செய்ய முனைந்து, ஊசித்தகட்டின் திருகாணியை முறித்துவிட்டான். அந்தப் பொறியின் வருவாயில்தான் அவன் தந்தை படித்தார். பையனின் முகம் வெளுத்திருந்தது. கையில் துளைக்கருவி இருந்தது.

“துளைத்துவிடட்டுமா, தாத்தா?”

“பொறு, ஐயா. எண்ணெய் விடு. இரவு போகட்டும்.”

இரவு நெடுநேரம் இருவரும் விழித்திருந்தனர். மனைவிக்கும் சொல்லாத அந்தப் பழைய பிழையை முதியவர் அன்றுதான் பேரனிடம் சொன்னார். விடிந்ததும் அவன் கூர்முனையைப் பிடித்தான். நடுங்கும் கையால் அவர் அதன் மேல் தட்டினார். மூன்றாம் தட்டில் தண்டு அசைந்தது. பிறகு தானே சுழன்று வெளிவந்தது. கடுகளவு இரும்பு அது.

அதை முதியவர் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அன்று கெட்டது இனி மீளாது. ஆனால் அது கற்பித்தது இன்னொரு கைக்குச் சென்று சேர்ந்தது.