நூதனசாலையும் நம் வீட்டுப் பரணும்

மாணவப் பருவத்திலே யாழ்ப்பாணம் நாவலர் வீதித் தொல்பொருள் நூதனசாலையை நாம் பன்முறை கடந்து சென்றோம். உள்ளே புகுந்ததோ ஒரே முறை. வாயிலிற் கிடந்த பீரங்கிகளையும் திமிங்கில எலும்புகளையும் கண்டு வியந்தோம். கந்தரோடைத் தொல்பொருள்கள் நம் கருத்திற் படவில்லை. பழமை நூதனசாலையில் மாத்திரமே உண்டென எண்ணியிருந்தோம்.

நம் வீட்டுப் பரணிலே பாட்டனாரின் வைத்திய ஏட்டுக்கட்டு ஒன்று இருந்தது. 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்விலே அதனை விட்டுச் சென்றோம். மீண்டபோது கறையான் புற்றே எஞ்சியிருந்தது. அவ்வேட்டில் யாது எழுதியிருந்ததென்று பிள்ளைகள் வினவுகின்றனர், விடையறியோம். இருந்த நாளில் நாம் ஒருமுறையேனும் அதனை அவிழ்த்துப் பார்த்தோமல்லோம்.

1980 ஆம் ஆண்டு ஆனைக்கோட்டை அகழ்விலே, ஈமக்குழியொன்றில் பிராமி எழுத்துப் பொறித்த சிறு முத்திரை கிடைத்தது. சிறுபொருளும் ஓர் ஊரின் வரலாற்றைக் கூறவல்லது என்பதற்கு அதுவே சான்று.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவரை நூதனசாலைக்கு அழைத்துச் செல்வதோடு அமையாது, தத்தம் வீட்டுப் பழம்பொருளொன்றின் பெயரையும் பயனையும் மூத்தோரிடம் கேட்டு எழுதிவரச் செய்க. அவ்வெழுத்தின் படியொன்று நூதனசாலையிலும் இருத்தல் நன்று. பழைய மாணவராகிய நாமும் எழுதுவோம். காட்டுதற்கு நம்மிடம் ஏடில்லை. இழந்த கதையேனும் உண்டு.