ஆனைக்குட்டத்து மண்ணும் அடுப்படி நீரும்

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே, கரிசல் பூமியில் அமைந்த ஊர் ஆனைக்குட்டம். மழைக்காலத்தில் மட்டுமே பெருகும் அர்ச்சுனா நதி இங்குள்ள அணையில் தேங்கி, பின்னர் இருக்கன்குடி அருகே வைப்பாற்றுடன் கலக்கிறது. விருதுநகர் மக்களின் தாகம் தீர்க்கவும் உதவிவரும் இவ்வணையின் ஷட்டர்களில் நீர் கசிந்து வீணாவது குறித்து நாளேடுகள் பன்முறை எழுதியுள்ளன. அக்கசிவை அடைப்பது அரசின் கடமை. நம் வீட்டுப் புறக்கடையில் அன்றாடம் வீணாகும் நீருக்குப் பொறுப்பாளி யார்?

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், கிராமத்தில் ஆளொன்றுக்கு நாளும் 55 லிட்டர் நீர் என வகுத்தது. ஐவர் வாழும் வீட்டுக்கு 275 லிட்டர். அதில் மூன்றில் இரு பங்கு, அதாவது ஏறத்தாழ 180 லிட்டர், குளித்த நீராகவும் கழுவிய நீராகவும் வெளியேறுகிறது. இரண்டு தென்னைகளைக் கோடையிலும் காக்க இது போதும்.

செம்மண் ஊர்களில் இந்நீரை உறிஞ்சுகுழியில் விடுவர். கரிசலோ ஈரம் பட்டதும் உப்பி, நீரைக் கீழிறங்க விடாது. குழி நிரம்பிக் கொசு பெருகுவதே மிச்சம். ஆகவே இங்கு மண்ணை நம்புவதினும் வேரை நம்புவதே அறிவுடைமை. அடுப்படி நீரை மணலும் சரளையும் நிரப்பிய சிறு தொட்டியில் வடித்து, வாழை, கல்வாழை, தென்னை ஆகியவற்றின் பாத்திகளுக்கு மாற்றி மாற்றிப் பாய்ச்சலாம். ஒரே இடத்தில் விட்டால் சோப்பின் உப்பு மண்ணை இறுக்கிவிடும். ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாறும். பச்சையாக உண்ணும் கீரைக்கும் காய்க்கும் இந்நீர் ஆகாது. பட்டாசு ஆலையில் மருந்து கலப்போரின் உடையை அலசிய நீரை, உண்ணும் பயிர் எதற்கும் விடலாகாது.

ஒளுச் செய்த நீரோ இவற்றுள் மிகத் தூயது. அந்நீர் சுத்தமானதே, ஆயினும் அதைக்கொண்டு மீண்டும் ஒளுச் செய்தல் கூடாது என்பது ஷாஃபிஈ, ஹனஃபி சட்டநூல்களின் தீர்ப்பு. மரத்துக்கு வார்க்கத் தடையேதும் இல்லை. பள்ளிவாசல் ஹவுளைச் சுற்றியோடும் நீர் சாக்கடையில் கலக்காமல், வளாகத்து மரங்களின் வேரைச் சென்றடைய ஒரு சிறு வாய்க்கால் போதும்.

குடத்தைச் சுமந்து நீர் கொணர்ந்த பெண்களின் உழைப்பு, ஒருமுறை கழுவியதோடு முடிந்துவிடலாமா? வீண்விரயத்தை வெறுக்கும் நாம், அந்நீரை இன்னொரு முறையும் பயன்படச் செய்வோமாக!