ஒழுகுவது காற்றா, எண்ணெயா?



"கனடா போன சார் ஒரு போட்டோகூடப் போடக் காணோமே" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மலை, கடல், மழை எல்லாம் இங்கே இருக்கிறது. ஆனால் கடந்த சில வாரங்களில் நான் அதிகமாகப் பார்த்தது மகள் வீட்டுக் கராஜில் இருந்த ஒரு சைக்கிளின் பின்பக்க ஷாக்கைத்தான். அதைப் பற்றியே எழுதுகிறேன். இயற்பியல் பிடிக்காதவர்கள் நடுவில் இரண்டு பத்தியைத் தாண்டிப் போகலாம். கேள்வி கேட்க மாட்டேன்.

மகள் இருப்பது வடக்கு வான்கூவரில். ஃப்ரோம், சீமோர் என்று இரண்டு மலைகள் ஊருக்குப் பின்னாலேயே நிற்கின்றன. அந்தக் காட்டுக்குள் வேரும் பாறையும் மரப்பலகைப் பாலமுமாகச் சைக்கிள் பாதைகள் செங்குத்தாக இறங்குகின்றன. மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் மத்தியில் 'நார்த் ஷோர்' என்றால் உலகம் பூராவும் தெரியுமாம். பாதி வருடம் மழை, சேறு. சைக்கிளுக்கு இதைவிடக் கடினமான ஊர் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

பேரனுக்கு 15 வயது. இரண்டு கோடை விடுமுறைகளில் அக்கம்பக்கத்து வீடுகளில் புல் வெட்டிச் சேர்த்த காசில், 1,200 டாலருக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருந்தான். நம் ஊரில் பையன்கள் ஓட்டும் கியர் சைக்கிள் மாதிரி இல்லை. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பகுதி கீல் வைத்தாற்போல் மேலும் கீழும் அசையும். அந்த அசைவைத் தாங்குவது சட்டத்தின் நடுவில் படுத்திருக்கும் ஒரு சாண் நீள ஷாக். கீழே அந்தச் சின்னச் சாமான் 55 மில்லிமீட்டர் அமுங்கினால் பின்சக்கரம் 140 மில்லிமீட்டர் மேலேறும். நெம்புகோல் தத்துவம். ஆகவே சக்கரத்தில் விழும் அடி ஏறத்தாழ இரண்டரை மடங்காக ஷாக்கில் விழுகிறது.

பள்ளிப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, "தாத்தா, ஷாக் போச்சு" என்று வந்து நின்றான். காற்று நிற்கவில்லை, தண்டில் எண்ணெய் வேறு கசிகிறது என்றான். உள்ளூர்க் கடை ஒன்றில் காட்டியிருக்கிறான். பழைய மாடல், மாற்றிவிடுவதுதான் நல்லது, 650 டாலர் ஆகும் என்றார்களாம். சைக்கிளின் விலையில் பாதிக்கும் மேல். வீட்டில் அந்தச் சமயத்தில் வேறு செலவுகள் இருந்தன, அதை இங்கே விவரிக்க வேண்டாம். அம்மாவிடம் கேட்கக் கூடாது என்பது அவனுக்கே தெரிந்திருந்தது. போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். அதை என்னிடம் சொல்லவில்லை. நோட்டில் பெயரை அடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன்.

கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே ஆள்கூலி அதிகம். பழையதைப் பிரித்துச் சரிசெய்துவிட்டு அதற்குப் பொறுப்பும் ஏற்பதைவிட, புதியதை மாட்டிவிடுவது அவர்களுக்கு எளிது. ஆனாலும் கழற்றிக்கூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னது எனக்கு ஒப்பவில்லை.

எனக்கு ஞாபகம் வந்தது கோவில்பட்டியில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நம் மாணவன். பெயரைச் சொன்னால் கூச்சப்படுவான். 1994 பத்தாம் வகுப்பு செட் ஆட்களுக்குத் தெரியும். வாட்ஸப்பில் அழைத்து விவரம் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "சார், போறது காத்தா, ஆயிலா? மொதல்ல அதச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல."

அவன் சொன்னது எவ்வளவு சரி என்பதற்குக் கொஞ்சம் உள்ளமைப்பு தெரிய வேண்டும். இந்த வகை ஷாக்கில் இரண்டு வேலைகள் ஒரே உடம்பில் நடக்கின்றன. வெளியே இருப்பது காற்றுக் குடுவை. அதுதான் ஸ்பிரிங். அமுக்கினால் கன அளவு குறையும், அழுத்தம் ஏறும். பாயில் விதி. சைக்கிள் பம்ப் முனையை விரலால் அடைத்து அழுத்திப் பார்க்கச் சொல்வேனே, அதேதான். உள்ளே இருப்பது டேம்பர். எண்ணெய் சின்னத் துவாரங்கள் வழியாகப் பிதுங்கிப் போகும்போது அசைவின் ஆற்றல் வெப்பமாகிவிடும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒவ்வொரு குழிக்கும் குதிரை மாதிரி தூக்கி எறியும். எண்ணெய்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த எண்ணெய் நுரைத்துவிடாமல் இருக்க அதன் பின்னால் நைட்ரஜனை அதிக அழுத்தத்தில் அடைத்து வைத்திருப்பார்கள்.

காற்றுப் பக்கத்து சீல் தேய்ந்தால் வீட்டிலேயே மாற்றலாம். டேம்பர் பக்கம் போனால் வீட்டில் கை வைக்கக் கூடாது. நைட்ரஜன் நிரப்பத் தனிக் கருவி வேண்டும், எண்ணெயில் ஒரு குமிழ்கூட இல்லாமல் நிரப்ப வேண்டும். அதற்கென்று இருக்கும் சர்வீஸ் இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். தண்டிலேயே ஆழமான கீறல் விழுந்திருந்தால் எந்தப் புது சீலும் நிற்காது. அப்போதுதான் புது ஷாக் பற்றிப் பேச வேண்டும்.

முதலில் காற்று. பேரன் தினமும் பம்பை மாட்டி அழுத்தம் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தான். 190, 176, 163 என்று இறங்கிக்கொண்டே போனது. நோட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷாக் பம்பை மாட்டியவுடன் உள்ளே இருக்கும் காற்றில் கொஞ்சம் பம்பின் குழாய்க்குள் வந்து நிரம்பும். குடுவையே சிறியது, அதனால் மீட்டர் குறைத்துத்தான் காட்டும். கழற்றும்போது 'புஸ்' என்று வருவது பெரும்பாலும் குழாய்க் காற்று. அடுத்த நாள் மறுபடி மாட்டினால் மறுபடி குறையும். அளக்கிற செயலே அளவைக் கெடுக்கிறது. "அப்ப லீக்கே இல்லையா தாத்தா?" என்று கேட்டான். இருக்கலாம், ஆனால் இந்த நோட்டை வைத்துச் சொல்ல முடியாது என்றேன்.

வேறு வழி இருக்கிறது. ஆள் ஏறி உட்கார்ந்தால் ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பது. தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். உட்கார்ந்து இறங்கினால் அது நகர்ந்த தூரத்தை அளந்துகொள்ளலாம். 55 மில்லிமீட்டரில் சுமார் 30 சதவீதம், அதாவது 16, 17 மில்லிமீட்டர் அமுங்கினால் சரி. காற்றை நிரப்பி, பம்பைக் கழற்றிவிட்டு மாலையில் அளந்தோம்: 16. மறுநாள் காலையில் பம்பைத் தொடாமலே அளந்தோம்: 25. லீக் உண்மைதான்.

எண்ணெய்க்கு மெக்கானிக் சொன்ன வைத்தியம்: "நல்லா துடைச்சுட்டு ரெண்டு நாள் ஓட்டச் சொல்லுங்க. மெல்லிசா பூசுன மாதிரி வந்தா பரவால்ல. சொட்டுனா உள் சீல் போச்சு." ஓட்டினான். விரலில் ஒட்டும் அளவுக்கு ஒரு மெல்லிய படலம், அவ்வளவுதான். காற்றுக் குடுவைக்குள் வழுவழுப்புக்காக விடும் சில சொட்டு எண்ணெய் அப்படி வெளியே வருவது சகஜமாம்.

பிறகு இரண்டு போல்ட்டையும் எடுத்து ஷாக்கைக் கழற்றி, பஞ்சர் கடையில் ட்யூபை முக்குவதுபோல் ஒரு பேசினில் முக்கினோம். வால்விலிருந்து ஒன்றும் வரவில்லை. குடுவையின் வாயும் தண்டும் சேரும் இடத்தில், மூன்று நான்கு வினாடிக்கு ஒரு குமிழ். பேரன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். 650 டாலர் என்று பயமுறுத்தியது இந்தக் குமிழ்தான். சீல் செட் 45 டாலருக்குக் கிடைத்தது.

இனி சொல்வதைச் சைக்கிள் வைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கவனமாகப் படியுங்கள்.

சீல் வந்த அன்று அவன் வீடியோ பார்த்துத் தயாராக இருந்தான். குடுவையைத் திருக ரப்பர் பட்டை ஸ்பேனரும் வைத்திருந்தான். "காற்றை இறக்கிவிட்டாயா?" என்றேன். இறக்கிவிட்டேன் என்று வால்வை அமுக்கிக் காட்டினான். சத்தமே இல்லை. பிரிக்க வேண்டாம், முதலில் கையால் ஷாக்கை நன்றாக அமுக்கி விரித்துவிட்டு மறுபடி வால்வை அமுக்கு என்றேன். 'உஸ்ஸ்' என்று இன்னொரு முறை சீறியது.

அந்த இரண்டாவது சீற்றம் ஏன் வந்தது? பிஸ்டனுக்கு அந்தப் பக்கத்திலும் ஒரு சின்ன அறை இருக்கிறது. ஆரம்பத்தில் ஷாக் மிருதுவாக அமுங்குவதற்காக அங்கேயும் காற்று அடைத்து வைத்திருப்பார்கள். ஷாக் சிறிதளவு அமுங்கும்போதுதான் இரண்டு அறைகளுக்கும் இடையே வழி திறக்கும். வால்வை மட்டும் அமுக்கினால் அந்த அறையில் காற்று அப்படியே இருக்கலாம். கார் டயரில் 32 பி.எஸ்.ஐ. இருக்கும். இந்த ஷாக்கில் 200 பி.எஸ்.ஐ. போல வைப்பார்கள். வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு. மூன்றரை சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் என்றால் விசை எவ்வளவு? நீங்களே போட்டுப் பாருங்கள், 1,300 நியூட்டனுக்கு மேல் வரும். 130 கிலோ மூட்டையை உங்கள் கைமேல் வைத்த மாதிரி. மறை கழன்றதும் அத்தனையும் ஒரே நொடியில் விடுபட்டால் குடுவை முகத்துக்கு வரும். ஷாக் அமுங்கின நிலையிலேயே சிக்கிக்கொண்டு விரியவே மறுத்தால் அந்த அறையில்தான் காற்று மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பிரிக்கவே கூடாது. வீட்டில் யாரும் தொடாமல் சர்வீஸ் ஆளிடம் கொடுத்துவிட வேண்டும்.

மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "அப்பா, கடைலயே குடுத்துரலாம்ப்பா, பணம் போனாப் போவுது" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வால்வு ஊசியையே கழற்றிக் காட்டினேன். ஷாக்கின் காது வளையத்துக்குள் ஒரு துணியைக் கோத்து முறுக்கி, அப்படியே ஏதாவது எகிறினாலும் துணி பிடித்துக்கொள்ளும்படி செய்தோம். அதன் பிறகுதான் பட்டையைப் போடவிட்டேன். அவள் கடைசிவரை அங்கேயே நின்றாள்.

உள்ளே பார்த்தால், பழைய சீலின் உதட்டில் ஒரு இடத்தில் நகம்போல் வெட்டு. பக்கத்தில் கறுப்புச் சேறு. முன்பு வைத்திருந்தவர் எத்தனை மழைக்காலம் துடைக்காமல் ஓட்டினாரோ! ஒரு பெரிய தயாரிப்பாளரின் கையேட்டில் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை காற்றுப் பக்கமும், 200 மணி நேரத்துக்கு ஒருமுறை டேம்பரும் பார்க்கச் சொல்லியிருக்கிறது. வாரம் இரண்டு முறை மலை ஏறும் பையனுக்கு 50 மணி நேரம் சில மாதங்களில் வந்துவிடும்.

தண்டில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. அவனுக்கு முகம் வாடிவிட்டது. நகத்தால் குறுக்கே வருடிப் பார்க்கச் சொன்னேன். நகம் தட்டவில்லை. மேற்பூச்சில் இருந்த தடம்தான். டேம்பர் தண்டைக் கையால் தள்ளிப் பார்த்தோம். ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே சீரான எதிர்ப்பு. நடுவில் சட்டென்று வெற்றாக நழுவினால் எண்ணெயில் வாயு கலந்துவிட்டது என்று பொருள். அப்படி இல்லை.

சீலை எடுக்க அவன் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்ததும் கோவில்பட்டியிலிருந்து வீடியோ காலில், "தம்பி, இரும்பு வேணாம்! பிளாஸ்டிக் குச்சி எடு!" என்று ஒரு சத்தம். காடியில் ஒரு கீறல் விழுந்தால் புது சீலும் ஒழுகும். ஐஸ்கிரீம் குச்சி மாதிரி பிளாஸ்டிக்கைத் தேய்த்துக் கூராக்கிக்கொண்டான். ஸ்பிரிட்டால் துடைத்து, கிரீஸ் தடவி, ஒவ்வொரு வளையத்தையும் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார வைத்தான். கையேட்டில் சொன்ன அளவு எண்ணெய் விட்டு மூடினான். இங்கே மணி இரவு ஒன்பது, கோவில்பட்டியில் மறுநாள் காலை ஒன்பதரை. ஒர்க்‌ஷாப்புக்கு வந்த இரண்டு வாடிக்கையாளர்களும் போனில் எட்டிப் பார்த்தார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததோடு சரி.

காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, இடையிடையே ஷாக்கை மெதுவாக அமுக்கி விட்டான், இரண்டு அறைகளுக்கும் சமமாகப் போவதற்காக. மறுபடி பேசின். ஐந்து நிமிடம் காத்திருந்தோம். குமிழ் வரவில்லை.

போல்ட்டுகளை டார்க் ஸ்பேனரில் முறுக்கி மாட்டி, மாலையில் 16 மில்லிமீட்டர், காலையில் 16 மில்லிமீட்டர். நோட்டில் அடித்திருந்த பெயரின் கீழே மறுபடி எழுதிக்கொண்டான். போட்டியில் 31-வது இடம். மழையில் நனைந்து, சேற்றில் குளித்து வந்தான். முதலில் ஷாக்கைத்தான் துடைத்தான்.

பழைய சைக்கிள் வாங்கப்போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். சீட்டைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பாருங்கள்; 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் ஷாக்கின் காதில் புஷ் தேய்ந்திருக்கிறது. புது ஷாக்கே வாங்க வேண்டி வந்தால் காதுக்குக் காது நீளமும் அமுங்கும் தூரமும் பழையதில் உள்ளபடியே இருக்க வேண்டும். அவனுடையது 210-க்கு 55. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று அதிகம் அமுங்குவதை மாட்டினால் டயர் சட்டத்தில் போய் இடிக்கும்.

டேம்பரை இலையுதிர் காலத்தில் சர்வீஸுக்கு அனுப்புவதாக இருக்கிறான். இருநூறு டாலர்போல ஆகுமாம். இந்தக் கோடைப் புல்லில் சேர்த்துவிடுவான்.

நான் ஜூலை கடைசியில் ஊர் திரும்புகிறேன். வெட்டுப்பட்ட பழைய சீலை ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். மெக்கானிக் அதைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டுமாம்.