சைரனை இறக்கிவைத்த வண்டி

பெங்களூரில் ‘டிடி’ என்றால் போதும், டெம்போ டிராவலர் என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி திருப்பதிக்குக் கிளம்புவதும் டிடி, எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போவதும் டிடி. அதில் சீட்டுகளை எடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சரைப் போட்டால் ஆம்புலன்ஸ். புனேயின் பஜாஜ் டெம்போ நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸின் வேன் ஒன்றை அடியொற்றி 1980களின் பிற்பகுதியில் கொண்டுவந்த வண்டி இது. 2005இல் நிறுவனத்தின் பெயர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாறியது. வண்டியின் உடம்புவாகு மட்டும் அதிகம் மாறவில்லை. கலாசிபாளையத்திலிருந்து ஓசூர் வரை எந்த மெக்கானிக்கும் மேனுவல் பார்க்காமல் இதைப் பிரித்து மாட்டிவிடுவார்.

அதனால்தான், ஓய்வுபெற்ற ஆம்புலன்ஸ் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்து ஊர் ஊராகப் போகிற கேம்பராக மாற்றலாம் என்று என் மைத்துனர் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். ஒரு ஆள் நீட்டிப் படுக்க இடம் ஏற்கெனவே இருக்கிறது. ஏசி, கூடுதல் பேட்டரி, இன்வெர்ட்டர், கழுவித் துடைக்கிற மாதிரியான தரை, அகலமாகத் திறக்கும் பின்கதவு எல்லாம் உண்டு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய ஆம்புலன்ஸைத் தேடிப்பிடித்து வாங்கி வீடாக்கிக்கொள்கிற கூட்டமே இருப்பது இந்தக் காரணங்களால்தான்.

ஆனால், இங்கே முதல் வேலை தச்சருக்கு இல்லை, ஆர்.டி.ஓ. ஆபீசில் இருக்கிறது. இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் அல்சூரில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு பெரியவர். எஃப்.சி. வேலைகளுக்காக ஆயுசு முழுக்க அந்தப் படிகளை ஏறி இறங்கியவர். “தம்பி, கட்டில அப்புறம் போடுங்க. புக்குல என்ன எழுதியிருக்குன்னு முதல்ல பாருங்க” என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதே சமயம், வண்டிகளை வகைபிரித்து மத்திய அரசு 2004 நவம்பர் 5 அன்று வெளியிட்ட அறிவிக்கையில் ஆம்புலன்ஸுக்கு ஓர் இடம் உண்டு, கேம்பர் வேனுக்கும் ஓர் இடம் உண்டு. ஆம்புலன்ஸ் போக்குவரத்து வாகனம்; எட்டு வயது தாண்டினால் வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் போக்குவரத்து வாகனமல்ல. ஆக, சட்டத்துக்கு இந்த இரண்டு வண்டியையும் தெரியும். ஒன்றை இன்னொன்றாக ஆக்க, பதிவு செய்த அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி ஆர்.சி.யில் மாற்ற வேண்டும் என்பதுதான் கணக்கு. இந்த அனுமதிக்கு அலைவது சிரமம் என்று பலர் கையை விரித்துவிடுகிறார்கள். ஆர்.சி.யில் ஆம்புலன்ஸ் என்று இருக்க, உள்ளே அடுப்பெரியும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. விபத்து ஒன்று நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்த ஆர்.சி.யைத்தான்.

இன்னொரு விஷயமும் பெரியவர் சொல்லித்தான் உறைத்தது. 2023 ஏப்ரல் 1 முதல், பதினைந்து வருஷம் முடிந்த அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அவை உடைக்கத்தான் போக வேண்டும். அதனால் அரசு ஆம்புலன்ஸ் ஏலத்துக்குக் காத்திருப்பதில் பெரிய பயனில்லை. எங்களுக்குக் கிடைத்தது ஒரு சின்ன ஊர் அறக்கட்டளை மருத்துவமனையின் வண்டி. புதிய ஆம்புலன்ஸ்களுக்கு ஏ.ஐ.எஸ். 125 என்ற தரநிலை வந்து, ஏ முதல் டி வரை நான்கு வகையாகப் பிரித்து, எதில் என்ன கருவி இருக்க வேண்டும் என்றெல்லாம் வரையறுத்துவிட்டார்கள். அந்த மருத்துவமனைக்காரர்கள் புதிய தரத்தில் ஒரு வண்டி வாங்கிவிட்டதால் பழையதைக் கழித்தார்கள். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மனசு சம்மதித்தது. ஆம்புலன்ஸாக இன்னும் ஓடத் தக்க வண்டியை உல்லாசத்துக்கு எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படிப்பட்டது ஒரு தாலுகா மருத்துவமனைக்கோ, ரத்ததான முகாமுக்கோ, கால்நடை ஆம்புலன்ஸாகவோ போகட்டும்.

வீட்டில் ஒரு தடை வந்தது. “எத்தன உசுரு போயிருக்கும் இதுல, இதுலயா படுக்கப் போறீங்க?” என்று மாமியார் கேட்டார். பதில் சொன்னவர் பக்கத்து வீட்டு நர்ஸம்மா. “எத்தன குழந்த பொறந்திருக்கும்னும் கேளுங்கம்மா” என்றார். பல வருஷம் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர் அவர். ஓடுகிற வண்டியில் பிரசவம் பார்த்த கை. மாமியார் அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை, மைசூர் ரோடு காளி ஆஞ்சநேயர் கோவிலில் பூஜை போடாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பதைத் தவிர. எலுமிச்சம்பழத்தை நசுக்கித்தான் எடுத்தோம். மாமியாரின் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அமெரிக்காவிலேயே 1960கள் வரை பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் சவ அடக்கம் செய்யும் நிறுவனத்தார்தான். ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகிற அளவுக்கு நீளமான வண்டி அவர்களிடம் மட்டுமே இருந்தது. அந்த இரண்டு காரியத்தையும் பிரித்து, ஆம்புலன்ஸ் உயிரோடு இருப்பவர்களுக்கானது என்று ஆக்க உலகத்துக்கு வெகுகாலம் பிடித்திருக்கிறது.

கழற்றுவதில்தான் அதிக நாள் போனது. கூரைமேல் விளக்கு, சைரன், ஆம்ப்ளிஃபையர், ஸ்டிக்கர், பக்கவாட்டிலிருந்த நீல நட்சத்திரம் எல்லாம் போக வேண்டும். ஸ்டிக்கரை ஹீட் கன்னால் சூடுகாட்டி உரித்தால் வந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தோம். உரித்த பிறகும் எழுத்து இருந்தது. சுற்றியிருந்த பெயிண்ட் பல வருஷ வெயிலில் மங்கிப்போக, ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது மட்டும் புதுசாகவே நின்றிருக்கிறது. முன்னால் போகிறவர் கண்ணாடியில் நேராகத் தெரியட்டும் என்று பானெட்டில் இடவலமாகத் திருப்பி எழுதியிருப்பார்களே, அது சாய்வெயிலில் முழுசாகப் படிக்க வந்தது. சிவாஜிநகரில் டிங்கரிங் பார்க்கும் பாய், “இத விட்டா ரோட்டுல எல்லாரும் வழி விடுவாங்க அண்ணா, தப்பு” என்று சொல்லி, பானெட்டைத் தேய்த்துப் பட்டி பார்த்து அடித்துக் கொடுத்தார். வெள்ளைக்கு வெள்ளையே அடித்ததால் ஆர்.சி.யில் நிறம் மாற்றும் வேலை மிச்சம்.

உள்ளே தரை விரிப்பைத் தூக்கியதும் இன்னொன்று தெரிந்தது. ஸ்ட்ரெச்சர் தண்டவாளத்தின் திருகுத் துளைகளைச் சுற்றி மட்டும் பலகை கறுத்து, அடித்தகடு செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது. நோயாளிக்கு ஏற்றும்போது சிந்தும் சலைன் என்பது உப்புத் தண்ணீர். அதோடு, ஒவ்வொரு நோயாளியை இறக்கிய பிறகும் ஊற்றித் துடைக்கும் ஹைப்போகுளோரைட் கரைசலும் இரும்பை அரிக்கும். கோவிட் காலத்து அரசு வழிகாட்டுதலே, அது ஒத்துவராத உலோகப் பரப்புகளுக்கு ஆல்கஹாலைப் பயன்படுத்தச் சொன்னது. அவசரத்தில் யார் பிரித்துப் பார்த்துத் துடைக்க முடியும்? துருவைப் பார்த்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை. அந்த ஊர்க்காரர்கள் வண்டியை ஒழுங்காகக் கழுவியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. தகட்டை வெட்டி வேறு வைத்து, ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளை போட்டோம். மைசூர் ரோடு டிம்பர் யார்டில் வாங்கியது.

மேலே ஓடும் கைப்பிடிக் கம்பியை மைத்துனர் எடுத்துவிடச் சொன்னார், தலையில் இடிக்கிறது என்று. நான் விடவில்லை. அந்தக் கம்பியில் ஓர் இடம் மட்டும் பூச்சுப் போய் வழவழவென்று இருக்கிறது. நர்ஸ் உட்காரும் இடத்துக்கு மேலே அல்ல, நோயாளியின் தலைமாட்டில், கூட வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு மேலே. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் உள்ளே கிடப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் தேய்த்த தேய்ப்பு அது. இன்றைக்கும் வண்டி வளைவில் திரும்பும்போது என் கை தானாக அங்கேதான் போகிறது.

மற்ற வேலைகள் சாதாரணமானவை. வயர், ஸ்விட்ச், ஃபியூஸ் எஸ்.பி. ரோட்டில், விளக்குகள் ஜே.சி. ரோட்டில். சமையலுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கலாமா என்று யோசித்தோம். 2000 வாட் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 160 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நாங்கள் வைத்திருந்த பேட்டரி தாங்காது. ஐந்து கிலோ கேஸ் சிலிண்டரே போதும் என்று முடிவுசெய்தோம். ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டும் கிளாம்ப் இருக்கிறதே, அதிலேயே மாட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டருக்குத் தனிப் பெட்டி செய்து, அதன் அடியில் வெளியே திறக்கும் துவாரம் விட்டோம். தண்ணீர்த் தொட்டி நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. அதைப் பின்கதவை ஒட்டி வைக்காமல் அச்சுக்கு முன்னால் வைத்தோம்.

இந்த ஊரில் இதே மாற்றம் எதிர்த்திசையில் நடந்ததையும் நாம் பார்த்தோம். 2020இல் கோவிட் நேரத்தில் ஆம்புலன்ஸ் போதாமல் டிடிகளையே நகரத்தில் ஆம்புலன்ஸாக்கி ஓட்டினார்கள். கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் நடமாடும் காய்ச்சல் கிளினிக்காக மாறியது. சுற்றுலா போய்வந்த வண்டி நோயாளியை ஏற்றியது. அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் எங்கள் வண்டியின் கட்டிலைக் கழற்றிவிடலாம். அதற்காகவே ஸ்ட்ரெச்சர் தண்டவாளத்தின் திருகுத் துளைகளைப் புதுப் பலகையிலும் அதே இடத்தில் போட்டு வைத்திருக்கிறோம்.

புதிய பிழைப்பில் வண்டிக்கு இல்லாமல் போன உரிமை ஒன்று உண்டு. குண்டுலுப்பேட்டையிலிருந்து பந்திப்பூர் வழியாக ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் போகும் சாலைகள் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வனவிலங்குகளுக்காக மூடியிருக்கும். ஆம்புலன்ஸுக்குக் கேட் திறப்பார்கள். எங்கள் வண்டி இப்போது மற்ற வண்டிகளோடு வரிசையில் நின்று விடியக் காத்திருக்கிறது. அது சரியான இடம்தான். யானை கடக்கும் காட்டில் நம் உல்லாசத்துக்கு என்ன அவசரம்?

கழற்றிய சைரன் கொஞ்ச நாள் வீட்டு லாஃப்டில் கிடந்தது. விஷயம் தெரிந்து ஒரு பையன் நல்ல விலைக்குக் கேட்டான், தன் காருக்கு மாட்ட. மத்திய மோட்டார் வாகன விதி 119 அந்த மாதிரி ஒலியை ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்குத்தான் அனுமதிக்கிறது என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் வண்டிகள் ஒதுங்குவது அபராதத்துக்குப் பயந்து அல்ல, உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்ற நம்பிக்கையில். பொய்ச் சைரன் ஒவ்வொன்றும் அந்த நம்பிக்கையில் கைவைக்கிறது. அது போய்விட்டால் நாளைக்கு நிஜ ஆம்புலன்ஸுக்குள் இருப்பவரை யார் காப்பாற்றுவது? மைத்துனர் சைரனைப் பையனிடம் கொடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டும் தெரிந்தவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

பழைய ஆம்புலன்ஸ் வாங்குகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கட்டில் எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். சைரனையும் விளக்கையும் பழைய இரும்புக் கடையில் போட்டுக் காசாக்காதீர்கள். ஆம்புலன்ஸ் வைத்திருப்பவர் யாருக்காவது கொடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் உடைத்துவிடுங்கள்.