பெயரில் பருத்தி... பூவில் ஒரு நூல்! திருப்பருத்திக்குன்றம் போயிருக்கிறீர்களா?

காஞ்சிபுரத்துக்குப் பட்டுச்சேலை எடுக்கப் போகிறவர்கள், நேரம் இருந்தால் வேகவதி ஆற்றங்கரையில் இருக்கும் திருப்பருத்திக்குன்றத்தையும் பார்த்து வரலாம். சமணர்களின் 'ஜினகாஞ்சி' இதுதான். திரைலோக்கியநாதர் கோயிலில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ல் கட்டிய சங்கீத மண்டபம் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால், தீர்த்தங்கரர்களின் கதை சொல்லும் விதான ஓவியங்கள்!

பட்டுக்குப் பேர்போன நகரத்தின் பக்கத்தில், பெயரிலேயே பருத்தியை வைத்திருக்கும் ஊர். அந்தப் பருத்திக்கும் நூலுக்கும் உள்ள உறவு தறியில் தொடங்குவதில்லை, பூவிலேயே தொடங்கிவிடுகிறது.

மொட்டுக்கு ஒரு முடிச்சு

பருத்திப் பூவில் ஆண், பெண் பாகங்கள் இரண்டும் உண்டு. தன் மகரந்தத்திலேயே காய் பிடித்துவிடும். ஆனால், தேனீ வந்தால் அடுத்த செடியின் மகரந்தமும் சேர்ந்துவிடும். மகரந்தம் கனமாக, பிசுபிசுப்பாக இருப்பதால் காற்றில் அதிகம் பறக்காது. தேனீதான் இங்கே தூது!

இந்தக் கலப்பைத் தடுக்க, மறுநாள் விரியப்போகும் மொட்டின் நுனியை முந்தைய நாளே நூலால் கட்டிவிடுவார்கள். பல தலைமுறைகள் இப்படியே வளர்த்தால், எல்லாச் செடிகளும் ஒன்றுபோல் ஆகும். இழையும் சீராக இருக்கும். நூல் மில்லுக்கு அதுதானே வேண்டும்?

ஆனால், இதில் ஓர் ஆபத்தும் உண்டு. செடிகளுக்குள் மரபணு வேறுபாடு குறைந்துவிடும். புதிதாக ஒரு நோய் தாக்கினால், வயலில் தாக்குப்பிடிக்கும் செடி ஒன்றுகூட இல்லாமல் போகலாம்.

கோவையில் பிறந்த 'சுவின்'

அந்த வேறுபாட்டைத் திரும்பக் கொண்டுவரத்தான் கலப்பு. மாலையில் மொட்டிலிருந்து மகரந்தப் பைகளை நீக்கி, மூடி வைத்து, மறுநாள் காலையில் வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவுவார்கள். எகிப்துப் பருத்தியிலிருந்து வந்த 'சுஜாதா'வையும், மேற்கிந்தியத் தீவுகளின் 'செயின்ட் வின்சென்ட்' ரகத்தையும் இப்படிக் கலந்து, கோவையில் உருவாக்கியதுதான் 1974-ல் வெளியான 'சுவின்'. பெற்றோர் இருவரின் பெயரிலும் பாதி! இதன் நீளமான இழையில் 100-ம் நம்பருக்கு மேலான மெல்லிய நூலும் நூற்கலாம்.

கலந்து பிறந்த ரகத்தையும் பிறகு கலக்காமல் காக்க வேண்டும். அதனால்தான் விதைக்காகப் பயிரிடும் வயலுக்கும் மற்ற ரகம் இருக்கும் வயலுக்கும் நடுவே இடைவெளி விடுகிறார்கள்.

அடுத்த முறை காஞ்சியில் பட்டோடு ஒரு காட்டன் சேலையும் எடுத்தால், அதைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். அந்த மென்மைக்குப் பின்னால், யாரோ ஒருவர் மொட்டில் கட்டிய ஒரு சின்ன முடிச்சும் இருக்கிறது.